ஃபோர்ட்ரான் டிகோடர்: முதலில் சோதனை, அப்புறம்தான் வேகம்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "எஃப்டி8 (அமெச்சூர் வானொலியில் 15 வினாடிச் சுற்றுகளில் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) சிக்னல்களை டிகோட் செய்யும் ஃபோர்ட்ரான் நிரலைப் பழைய மடிக்கணினியில் ஓட்டுகிறேன். இரவில் 7.074 மெகாஹெர்ட்ஸில் கூட்டம் சேர்ந்தால், டிகோட் முடிவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில், வேகத்தையே முதன்மையாக்கும் ஓஃபாஸ்ட் விருப்பத்தைப் போட்டேன். வேகம் கூடியது. ஆனால் பலவீனமான சில ஸ்டேஷன்கள் காணாமல் போவதாகச் சந்தேகம். நேரம் எங்கே போகிறது, எதுவும் கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இப்போதைக்கு ஓஃபாஸ்டை எடுத்துவிட்டு ஓ2 என்ற மிதமான வேக விருப்பத்துக்குத் திரும்புங்கள். உங்கள் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. ஓஃபாஸ்ட் போட்டால் கம்பைலர் கணக்கின் வரிசையை மாற்றிக்கொள்ளும். நீங்கள் போட்ட அடைப்புக்குறிகளைக்கூட அது மதிக்க வேண்டியதில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வரும் செல்லாத எண் எங்கும் வராது என்றும் எடுத்துக்கொள்ளும். அதைப் பிடிக்க நீங்கள் எழுதிய 'இஃப்' வரியே நீக்கப்பட்டிருக்கலாம்.

சரி, கெட்டதா இல்லையா என்று பார்க்க அளவுகோல் வேண்டும். நேரடியாக ஆன்டெனாவில் வருவதை வைத்துச் சோதிக்காதீர்கள். நேற்று வந்த ஸ்டேஷன் இன்று வராததற்கு ரேடியோ அலைகளைத் திருப்பியனுப்பும் அயனமண்டலமும் காரணமாக இருக்கலாம். 15 வினாடி வேவ் கோப்புகளாகப் பதிவு செய்து வையுங்கள். அமைதியான காலை நேரம், சாயங்கால மழையோடு இடி கரகரக்கும் நேரம், இந்தோனேசிய ஸ்டேஷன்கள் நெருக்கியடிக்கும் இரவு, இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது கோப்பு போதும். ஓ2-இல் கிடைத்த முடிவைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலை இழைகள்) பல இருந்தால் வரிகளின் வரிசை மாறும். அதனால் கோப்பின் பெயர், செய்தி என்று அடுக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

இங்கே பலரை அலையவிட்ட ஒரு விஷயம் உண்டு. சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கைச் செய்யும் எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தை 'மெஷர்' முறையில் (வேகமான வழியை ஓட்டி அளந்து பார்ப்பது) அழைத்தால், ஒவ்வொரு ஓட்டத்திலும் அது வேறு வழிமுறையைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி இலக்கங்கள் மாறும். விளிம்பில் நிற்கும் ஒரு சிக்னல் ஒருமுறை வரும், மறுமுறை வராது. சோதனைக்கு, அளக்காமல் மதிப்பிடும் 'எஸ்டிமேட்' முறையே நல்லது.

அடுத்து, அணிகளின் எல்லைச் சரிபார்ப்பை இயக்கி, ரியல் மாறிகளுக்குத் தொடக்க மதிப்பாகச் செல்லாத எண்ணைக் கொடுத்து, அப்படி ஓர் எண் கணக்கில் வந்தால் உடனே நிற்கும்படி ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். மெதுவாகத்தான் ஓடும். இரவு விட்டுவிட்டுத் தூங்குங்கள். மதிப்புக் கொடுக்காமல் விட்ட மாறிகள் இதில் மாட்டும்.

இனி நேரம். லினக்ஸில் பெர்ஃப் என்ற நேர அளவீட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள்; ஓ2-வோடு டீபக் தகவலையும் சேர்த்துக் கம்பைல் செய்தால் எந்த வரி என்றே காட்டும். அதே வேலைக்கான ஜிப்ரோஃப் வேண்டாம் என்பது என் கருத்து. எஃப்எஃப்டிடபிள்யூ போன்ற வெளி நூலகத்துக்குள் போகும் நேரம் அதன் கணக்கில் வராது. டிகோடரில் கணிசமான வேலை நடப்பதே அங்கேதான். நிரலுக்குள் 'சிபியு டைம்' வைத்து அளந்தால், த்ரெட்கள் எல்லாவற்றின் நேரத்தையும் கூட்டிச் சொல்லும். கடிகார நேரத்துக்கு 'சிஸ்டம் கிளாக்' வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, எஃப்எஃப்டி திட்டம் (கணக்கை எந்த வழியில் செய்வது என்ற முடிவு) ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறதா என்பது. ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால் போதும். 12,000 ஹெர்ட்ஸில் 15 வினாடிக்கு 180,000 மாதிரிகள். 2, 3, 5 மட்டுமே காரணிகளாக உள்ள எண் இது. இப்படிப்பட்ட எண்ணில் எஃப்எஃப்டி வேகமாகவே ஓடும்; இரண்டின் அடுக்கான 262,144-க்கு நீட்ட வேண்டியதில்லை.

ஃபோர்ட்ரானில் முதல் குறியீடுதான் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். உள் லூப் அதன் மேல் ஓட வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் இதற்காக மெனக்கெடாதீர்கள். ஒரு எஃப்டி8 செய்திக்கான 8 டோன், 79 சிம்பல் என்ற அணி 632 எண்கள்தான், சுமார் 2.5 கிலோபைட்; எப்படிப் படித்தாலும் கேஷில் (சிபியுவின் வேக நினைவகம்) அடங்கிவிடும். நேரவாரியாக அதிர்வெண்களை வைத்திருக்கும் முழு ஸ்பெக்ட்ரோகிராம் அணியில்தான் லூப் வரிசை உண்மையில் நேரத்தைத் தின்னும்.

பலவீனமான சிக்னலுக்குத் தனிச் சோதனை. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற எஃப்டி8 மென்பொருளின் மூலநிரலோடு வரும் எஃப்டி8சிம் என்ற செயற்கைச் சிக்னல் நிரலைக் கொண்டு, சிக்னல்-இரைச்சல் விகிதம் மைனஸ் 18 முதல் மைனஸ் 24 டெசிபல் வரை ஒவ்வொரு அளவுக்கும் நூறு கோப்பு உருவாக்குங்கள். பாதி டிகோட் ஆகும் இடத்தில் நூற்றுக்கு ஐந்து முன்பின்னாக இருப்பது இயல்பு. எனவே ஒரு தொகுப்பில் 52, வேறொரு தொகுப்பில் 48 என்று வந்தால் பதற வேண்டாம். ஒரே கோப்புகளை இரண்டு பில்டிலும் ஓட்டி, எந்தக் கோப்பில் விடுபட்டது என்று பாருங்கள். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு டீபக்கரில் உட்காருங்கள்.

எண்ணிக்கை கூடினாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். பிழை சரிபார்ப்புக்கு உள்ளவை 14 பிட்கள். அதாவது வெறும் இரைச்சலும் 16,384-இல் ஒருமுறை அதைத் தாண்டிவிடும். டிகோடர் ஒரு சுற்றில் எத்தனையோ முறை முயல்கிறது. அதனால் சிக்னலே இல்லாத இரைச்சல் கோப்புகள் நூறையும் தொகுப்பில் சேருங்கள். அவற்றில் ஏதாவது அழைப்புக்குறி வந்தால், அது இல்லாத ஸ்டேஷன்.