குழந்தைகள் மருத்துவ ஆய்வில் வேலை: ஃபார்ம்.டி படிக்கும் மகளின் தந்தைக்கு

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. ஃபார்ம்.டி என்ற ஆறு வருட மருந்தியல் படிப்பில் ஐந்தாம் வருடம் படிக்கும் மகள் குழந்தைகளுக்கான மருத்துவ ஆய்வில்தான் சேருவேன் என்கிறாள். பச்சைப் பிள்ளைகள் மேல் மருந்தைச் சோதிக்கும் பாவம் நமக்கு எதற்கு என்று வீட்டம்மா அழுகிறார். இது ஒன்று. அந்த வேலைக்குத் தயார் செய்வதாகச் சொல்லி ஒரு பயிற்சி நிலையம் லட்சக்கணக்கில் கேட்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: பணம் கட்டாதீர்கள்.

பாவம் என்கிற பேச்சுக்கு வருவோம். ஆய்வு நடக்காவிட்டால் குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பது நின்றுவிடாது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்து, எடைக்கு ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதுவும் சோதனைதான், யாரும் குறித்துவைக்காத சோதனை. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் லேசாக இருந்தாலும் குழந்தைகளும் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு வந்தார்கள். நான்கு மாதம் போதாதா என்று பார்க்க 'ஷைன்' என்ற ஆய்வு உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,204 குழந்தைகளிடம் நடந்தது. நம் சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒரு மையம். போதும் என்று தெரிந்தது; முடிவு 2022இல் வெளியானது. தீவிரமில்லாத காசநோய் உள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் இப்போது நான்கு மாதத்தையே பரிந்துரைக்கிறது. இரண்டு மாத மாத்திரை மிச்சம். தினமும் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து மருந்து ஊட்டும் தாய்க்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த ஆய்வில் ஒவ்வொரு குழந்தையையும் 72 வாரம் கவனித்தார்கள். உங்கள் மகள் பார்க்கப்போகும் வேலை இந்த 72 வாரத்துக்குள்தான் இருக்கிறது. ஊசி போடுவதோ மருந்து கண்டுபிடிப்பதோ அல்ல. அவள் பார்க்கப்போகும் பதவிக்கு கோஆர்டினேட்டர், அதாவது ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். குறித்த தேதியில் குழந்தை வந்ததா, எடை கூடியிருந்தால் மருந்தின் அளவை மருத்துவர் மாற்றினாரா, மாத்திரை சாப்பிட்டதும் வாந்தி எடுத்ததா, மறுபடி கொடுத்தார்களா, எல்லாவற்றையும் அன்றே எழுதவேண்டும். வீடு மாறிப்போன குடும்பத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். குழந்தை எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் விஷயம் உடனே தலைமை ஆய்வாளருக்குப் போகவேண்டும்; புதிய மருந்து ஆய்வென்றால் அவர் 24 மணி நேரத்துக்குள் மேலே அறிக்கை தரவேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி.

வீட்டம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தக் குழந்தையையும் சேர்க்கமுடியாது. ஏழு வயது ஆகிவிட்டால் பிள்ளையிடமும் கேட்டாகவேண்டும். பன்னிரண்டுக்கு மேல் அதன் சம்மதமும் எழுத்தில் வேண்டும். தாய்க்குப் புரியும் தமிழில், அவசரப்படுத்தாமல், 'வேண்டாம் என்றாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது' என்று சொல்லி உட்காரும் ஆள் தேவை. நிதானமும் பொறுமையும் உள்ள பெண் இதைச் செய்தால் எனக்கு நிம்மதி.

அவள் குறிப்பாகப் புற்றுநோய்ப் பிரிவைச் சொல்வதால் இதையும் எழுதுகிறேன். 1947-48இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினாப்டரின் கொடுத்தபோது கிடைத்தது சில மாத அவகாசம்தான். அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில், வசதியான நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஒவ்வொரு படியும் ஆய்வால் ஏறியது. ஆனால் பத்தாவது குழந்தையும் அதே வார்டில்தான் இருக்கும். அதன் ஃபைலையும் அவள்தான் முடித்து வைக்கவேண்டும். இதைத் தாங்குவாளா என்று நீங்களோ நானோ சொல்லமுடியாது. வார்டில் நின்று பார்த்து அவளே முடிவு செய்யவேண்டும். ஆறாம் வருட இன்டர்ன்ஷிப் அதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் போஸ்டிங் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பயிற்சி நிலையத்துக்கு ஏன் வேண்டாம் என்றேன்? இந்தத் துறையில் நுழைய டிப்ளமோ கட்டாயமில்லை. ஆய்வை முறையாக நடத்தும் விதிகளைக் கற்றதற்கான 'குட் கிளினிக்கல் பிராக்டிஸ்' சான்றிதழை இணையத்தில் இலவசமாகவே வாங்கலாம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு அடிப்படைகளை என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் வழியாகச் சொல்லித்தருகிறது. வேலை உத்தரவாதம் என்று நோட்டீஸ் அடிப்பவர்களிடம், போன வருடம் சேர்ந்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பேச்சு மாறும்.

சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான். அரசு ஆய்வு நிறுவனங்களில் பெரும்பாலும் திட்டப் பணி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டால் கண்காணிப்பு, தரவு மேலாண்மை, மருந்துப் பாதுகாப்பு என்று கம்பெனி வேலைகள் திறக்கும். கணக்கில் ஆர்வம் இருந்தால் உயிரியல் புள்ளியியல் மேற்படிப்பும் நல்ல வழி.

நேர்காணலுக்குப் போகும்போது அவள் கேட்கவேண்டியவை இரண்டு. ஒன்று, மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் இந்த ஆய்வின் பதிவு எண் என்ன. 2009 முதல் இந்தியாவில் ஆய்வுகளை முன்கூட்டியே பதிவதை அரசு கட்டாயமாக்கியிருக்கிறது, எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் சேரவேண்டாம். இரண்டு, திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது.