கீமோ முடிந்து நாலு வருடம். பல் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 3 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, இரண்டரை ஆண்டு கீமோ கொடுத்தோம். ரேடியேஷன் இல்லை. இப்போது 9 வயது, நன்றாக இருக்கிறாள். கீழ்த்தாடையில் இரண்டு நிரந்தரப் பற்கள் உருவாகவே இல்லை, மற்றவற்றின் வேர்களும் குட்டை என்று எக்ஸ்ரே பார்த்த பல் மருத்துவர் சொல்கிறார். கால்சியம் போதவில்லையா? பல்லுக்குக் கிளிப் போடலாமா?

பதில்: கால்சியம் காரணமில்லை, உங்கள் கவனிப்பிலும் குறையில்லை. நிரந்தரப் பற்கள் வெளியே தெரிவது 6 வயது வாக்கில்தான். ஆனால் தாடை எலும்புக்குள் அவை உருவாகும் வேலை பிறந்ததுமே தொடங்கிவிடும். கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. பல்லை உருவாக்கும் செல்களும் அதில் மாட்டிக்கொள்ளும். 3 வயதுக்குள் முன்பற்கள், முதல் கடைவாய்ப் பற்கள் ஆகியவற்றின் மேற்பகுதி பெருமளவு உருவாகியிருக்கும். அதனால்தான் அவை பார்க்க நன்றாக இருக்கின்றன. வேர் வளர்வது அதற்கு அப்புறம்தான், அதாவது கீமோ நடந்த அதே காலத்தில். சிறு கடைவாய்ப் பற்களோ அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும், அதனால் அவை உருவாகாமலே நின்றுபோகலாம். (கீமோவே எடுக்காத சில குழந்தைகளுக்கும் இந்தப் பல் இல்லாமல் போவதுண்டு.) 12 வயது வாக்கில் வரவேண்டிய இரண்டாம் கடைவாய்ப் பற்கள் சிறியதாகவோ, எனாமல் திட்டுத்திட்டாகவோ முளைக்கலாம்.

நின்றுபோன வேரைக் கால்சியம் மாத்திரை வளர்க்காது.

நான் அதிகம் கவலைப்படுவது நிரந்தரப் பல் உருவாகாத இடத்தில் இருக்கும் பால் பற்களைப் பற்றித்தான். "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று சொத்தையை விட்டுவிடாதீர்கள். அடியில் புதுப் பல் இல்லாததால், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பால் பல்லே பல ஆண்டுகள் நிற்கும். ஃப்ளூரைடு பற்பசையில் தினம் இரண்டு முறை துலக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனையும் ஃப்ளூரைடு பூச்சும் தேவை.

கிளிப்? போடலாம். சிகிச்சை முடிந்து நோயில்லாமல் இரண்டு ஆண்டாவது கடந்திருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். ஆனால் குட்டை வேர் அதிக இழுப்பைத் தாங்காது. மெல்லிய விசை, குறைந்த காலம், நடுநடுவே எக்ஸ்ரே. பற்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், கடிப்பதற்குத் தேவையான அளவு சரிசெய்தால் போதும். எந்தப் பல்லாவது ஆடுவதாக அவள் சொன்னால் உடனே காட்டுங்கள்.

பல் மருத்துவரிடம் போகும்போது, எந்த மருந்து எந்த வயதில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற சிகிச்சைச் சுருக்கத்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.