கைகுலுக்கினால் துரோகியா?

கேள்வி: பசிபிக் கடலில் பிரான்சின் பிடியில் இருக்கும் நியூ கலிடோனியாவில், கனக் பழங்குடிகளின் விடுதலைத் தலைவர் ழான்-மரி சிபாவு சொந்த இனத்தவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டாரே! எதிரியோடு கைகுலுக்கும் துரோகிக்கு இதுதான் கதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கைகுலுக்கிய படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல.

சிபாவு 1936-இல் தியாந்தனித் என்ற சிற்றூரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாக இருந்து, அங்கியைக் கழற்றிவிட்டு அரசியலுக்கு வந்தவர். முதலில் அவர் நடத்தியது போராட்டம்கூட அல்ல, ஒரு விழா. 1975-இல் தலைநகர் நூமேயாவில் 'மெலனேசியா 2000' என்று கனக் மக்களின் ஆட்டத்தையும் பாட்டையும் அரங்கேற்றினார். துப்பாக்கிக்காரர்கள் இதையெல்லாம் அரசியல் என்றே ஒப்புக்கொள்வதில்லை!

1984 டிசம்பர் 1 அன்று விடுதலை இயக்கத்தார், தீவுக்குத் தாங்கள் வைத்த பெயரில், கனக்கி நாட்டின் தற்காலிக அரசை அறிவித்தார்கள்; தலைவர் சிபாவு. நான்கே நாளில், கூட்டம் முடிந்து வண்டிகளில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த தியாந்தனித் ஆட்களைக் குடியேறிகள் பதுங்கியிருந்து சுட்டார்கள். பத்துப் பேர் பலி. அதில் இருவர் சிபாவுவின் கூடப்பிறந்தவர்கள். சுட்டவர்களை 1987-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 'பழிக்குப் பழி' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீவு பற்றி எரிந்திருக்கும். அவரோ, தம் ஆட்கள் நடத்திவந்த சாலை மறியலை விலக்குவது என்று எடுத்த முடிவிலேயே நின்றார்.

அப்புறம் உவேயா. 1988 ஏப்ரலில் கனக் இளைஞர்கள் அந்தத் தீவின் காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். நான்கு காவலர்கள் செத்தார்கள், 27 பேர் பிணைக்கைதிகள். கொசானா ஊருக்கு அருகே இருந்த குகையை ராணுவம் மே 5 அன்று தாக்கியது. பிரான்சின் அதிபர் தேர்தல் இறுதிச் சுற்றுக்கு மூன்று நாள்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 19 கனக்குகளும் இரண்டு சிப்பாய்களும் இறந்தார்கள். பிடிபட்ட பிறகும் சிலர் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை.

நீங்கள் சொல்லும் கைகுலுக்கல் இதற்கு ஏழு வாரம் கழித்து, ஜூன் 26 அன்று, பாரிசில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது நடந்தது. எதிரே நின்றவர் பிரான்சோடு இருக்க விரும்பியவர்களின் தலைவர் ஜாக் லஃப்ளூர். சிபாவுக்குக் கிடைத்தது பத்தாண்டு அவகாசம், கனக்குகள் ஆளக்கூடிய மாகாணங்கள், முடிவில் விடுதலை வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு. குடியேற்றத்தால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிட்ட இனம் அது. உடனே வாக்கெடுத்தால் தோல்வி உறுதி. காலத்தை வாங்கினார். இதற்குப் பெயர் துரோகம் என்றால், கணக்குத் தெரிந்த எல்லாரும் துரோகிகள்தான்.

சரி, அவர் பக்கம் பிழையே இல்லையா? இருக்கிறது. ஏழு வாரத்தில் எந்தத் தாய்க்கும் கண்ணீர் காயாது. கொசானா மக்களுக்கு அந்தக் கையெழுத்து, பிள்ளைகளின் ரத்தத்துக்குப் பேசிய விலையாகத்தான் தெரிந்தது. 1989 மே 4 அன்று, அந்த 19 பேருக்கான ஓராண்டுத் துக்கம் முடிக்கும் சடங்குக்கு சிபாவு உவேயாவுக்கே போனார். அங்கே அவரையும் அவருடைய துணைத்தலைவர் யெய்வேனே யெய்வேனேயையும் சுட்டவர் ஜூபெல்லி வேயா. கொசானாக்காரர். முந்தைய ஆண்டு ராணுவம் பிடித்து பிரான்ஸ் சிறைக்குக் கொண்டுபோன ஆட்களில் ஒருவர். கூலிக்குச் சுட்டவர் அல்லர். அவரும் அங்கேயே மெய்க்காவலர் குண்டுக்குப் பலியானார்.

இவர்களில் யாரை நீங்கள் துரோகி என்பீர்கள், யாரைத் தியாகி என்பீர்கள்? வேயா குடும்பமும் சிபாவு குடும்பமும் 2004-இல் முறைப்படி சமாதானமாகிவிட்டன. நீங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு இன்னும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.