தாய்மாமன் ரத்தமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. கோபம் வந்தால் கடிக்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான். போன வாரம் ப்ளே ஸ்கூலில் ஒரு பையனைத் தள்ளிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு உதட்டில் காயம். என் அண்ணன் கொஞ்சம் முரடர், ஒரு கைகலப்பில் போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர். அதை வைத்து என் மாமியார் தினமும் “எல்லாம் தாய்மாமன் ரத்தம்” என்கிறார். முரட்டுக் குணம் கூடப் பிறந்து வருவதா, பார்த்துப் பழகுவதா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிள்ளை சமர்த்தாக இருந்தால் அப்பா வழி, அடித்தால் மாமன் வழி. எல்லா வீட்டுக் கணக்கும் இதுதான், விடுங்கள். ஆனால் உங்கள் மாமியார் பேச்சிலும் ஒரு துளி விஷயம் இருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தின் ஆண்கள் சிலருக்கு மட்டும் கட்டுக்கடங்காத கோபம் வந்துகொண்டிருக்க, மூளையில் செரோடோனின் போன்ற ரசாயனங்களைச் சிதைக்கும் எம்ஏஓஏ என்ற மரபணு அவர்களுக்குப் பழுதாகியிருப்பதை 1993இல் கண்டுபிடித்தார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும், ஆகவே மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே பழுது வரலாம். (இதை மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.) பயப்பட வேண்டாம், அது மிக மிக அரிதான பழுது.

அதே மரபணு சற்று மந்தமாக வேலை செய்வது மட்டும் நிறைய ஆண்களுக்கு உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73இல் பிறந்தவர்களைக் குழந்தையிலிருந்தே கவனித்து வருகிறார்கள். 2002இல் வந்த முடிவின்படி, மந்த வகை இருந்தும் கொடுமைக்கு ஆளாகாமல் வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள், இரண்டும் சேர்ந்தவர்களிடம்தான் வன்முறை கூடுதல். பிறகு வந்த எல்லா ஆய்வும் இதை உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். கடிக்கவும் தள்ளவும் எந்தக் குழந்தைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். கனடாவில் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்ற உளவியலாளர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வருடக்கணக்காகக் கவனித்தார். மனிதன் அதிகமாகக் கை ஓங்குவது வாலிபத்தில் இல்லை, இரண்டு மூன்று வயதில்தான்! அப்புறம் பேச்சு வர வர, பெரும்பாலான பிள்ளைகள் அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அதைக் கற்றுக்கொள்ள விடுகிறோமா? குழந்தை தடுக்கி விழுந்ததும் “இந்தத் தரைதானே செல்லத்தை இடிச்சது” என்று தரையை நாலு சாத்து சாத்தி அழுகையை நிறுத்துகிறோமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனைதான் ஞாபகம் வரும். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த நர்சரிப் பிள்ளைகளில் பலர், அதே அடியை, சிலர் அதே வசனத்தோடு, அடித்தார்கள். அமைதியாக விளையாடியவரைப் பார்த்த பிள்ளைகளிடம் அது மிகக் குறைவு.

அதனால் அடித்தால் திருப்பி அடிக்காமல் கையைப் பிடித்து நிறுத்துங்கள், “பொம்மை வேணும்னு கேளு” என்று வார்த்தையைக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஐந்தாறு வயதிலும் குறையவில்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சின்ன வயதில் அவர் வீட்டில் எவ்வளவு அடி வாங்கினார் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன்.