டிராஸ்டுசுமாப்: ஊசி தள்ளிப்போனால் பழைய அளவே போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58, எடை 60 கிலோ. ஹெர்-2 பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஏற்றி வருகிறோம். காப்பீட்டு ஒப்புதல் வராததால் ஆறாவது ஊசி இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. இதனால் பாதிப்பு வருமா? அதே மருந்தைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் தாமதத்தைப் பார்ப்போம்.

சிலருடைய புற்றணுக்களின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். அதன் மீது போய் ஒட்டிக்கொண்டு, பெருகும்படி அணுவுக்குக் கிடைக்கும் உத்தரவைத் தடுப்பதே இந்த மருந்தின் வேலை. இது கீமோ அல்ல என்பதால், அம்மாவுக்கு மீண்டும் முளைத்துவரும் முடி இதனால் கொட்டாது.

முதல் ஊசி கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம், மொத்தம் ஓராண்டு என்பதே வழக்கமான கணக்கு. அம்மாவின் எடைக்கு முதலில் 480, பிறகு 360. ஊசி ஒரு வாரம் வரை தாமதமானால் அதே 360 போதும். ஒரு வாரத்துக்கு மேல் போய்விட்டால், இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியிருக்கும் என்பதால், மீண்டும் 480-இலிருந்து தொடங்கி, மூன்று வாரம் கழித்துப் போடும் ஊசியில் 360-க்குத் திரும்ப வேண்டும். நீங்கள் இரண்டு வாரம் தாண்டிவிட்டீர்கள். பழைய சீட்டைப் பார்த்து 360-ஐயே ஏற்றிவிடாமல், தாமதத்தை மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய குப்பியில் இருப்பது 440 மில்லிகிராம். 480-க்கு அது போதாது. போன முறை எஞ்சிய 80 பிரிட்ஜில் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கிருமித்தடுப்பு கலந்த நீரில் கரைத்த குப்பியைக்கூட 28 நாள்தான் வைத்திருக்கலாம். உங்களுக்கு 35 நாள் ஆகிவிட்டது. கூடுதலாக 150 மில்லிகிராம் குப்பி ஒன்றுக்கும் சேர்த்தே ஒப்புதல் கேளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்துக்குக் கையெழுத்திட ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளும் மேசையில், அந்தக் குப்பிக்காகத் தனியாக இன்னொரு விண்ணப்பம் அலைய வேண்டாம்.

பக்கவிளைவுகளில் முதல் ஊசியின்போது வரும் குளிரும் காய்ச்சலும் பெரும்பாலும் அன்றோடு போய்விடும். 480 ஏற்றும்போது பழைய 30 நிமிடம் அல்ல, 90 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். கவலைப்பட வேண்டியது இதயம். சிலருக்கு அதன் பம்ப் செய்யும் திறன் குறையும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து மருந்தை நிறுத்திவைத்தால் பெரும்பாலும் மீளும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுப்பதைத் தவிர்க்காதீர்கள். படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை கேட்பது, கால் வீங்கிச் செருப்பு இறுகுவது, சில நாளில் எடை ஏறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த எக்கோவுக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும்.

இனி அந்தப் பாதி விலை. 2014 முதல் இந்திய நிறுவனங்களின் பயோசிமிலர்கள், அதாவது மூல மருந்தை ஒத்த மருந்துகள், வந்து விலை இறங்கியிருக்கிறது. அவற்றை மருத்துவர் எழுதினால் தயங்காமல் வாங்கலாம். பில் இல்லாமல் தெர்மோகோல் பெட்டியில் பஸ்ஸில் வரும் குப்பியின் கதை வேறு. இம்மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டும், உறையவும் கூடாது. வழியில் கெட்டுப்போயிருந்தாலும் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, வேறெதையோ நிரப்பி விற்ற கும்பலை 2024 மார்ச்சில் டெல்லி போலீஸார் பிடித்தார்கள். பெயரிலும் ஏமாறக்கூடும்: டிராஸ்டுசுமாப் எம்டான்சின் என்பது கீமோ மருந்து இணைக்கப்பட்ட வேறு மருந்து, அதன் அளவு கிலோவுக்கு 3.6 மட்டுமே. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றினால் ஆபத்து.

உரிமம் பெற்ற கடையில் பில்லோடு வாங்கி, பில்லிலுள்ள மருந்தின் முழுப் பெயரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் குப்பியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று கரைப்பதற்கு முன்பே பாருங்கள். ஊசி முடிந்ததும் காலிக் குப்பியின் லேபிளில் மார்க்கர் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, நர்ஸிடமே கொடுத்து, உங்கள் கண்ணெதிரே மருத்துவக் கழிவுத் தொட்டியில் போடச் சொல்லுங்கள். வார்டு வாசலில் பணம் தருவதாகச் சொல்லி அதைக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.