டிசைன் எங்கே உட்காரணும், எவ்வளவு பெரிசா இருக்கணும்? வினைல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, சூட்டில் துணியோடு ஒட்டும் வினைல் ஷீட்டில் வெட்டிய டிசைனை, டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து நடுவில் பார்த்துதான் ஒட்டினேன். போட்டுப் பார்த்தால் டிசைன் வயிற்றுக்கு வந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: விரித்து வைத்த துணியை நம்பியதுதான் தப்பு. மேஜையில் கழுத்திலிருந்து அடி மடிப்பு வரை மொத்த நீளமும் கண்ணில் படும், கை தானாகவே அதன் நடுவுக்குப் போகும். ஆனால் போட்ட பிறகு அந்த அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது, எதிரில் நிற்பவர் பார்ப்பது நெஞ்சைத்தான். அதனால் எப்போதும் மேலிருந்து அளந்து பாருங்கள். காலர் பட்டைத் தையலிலிருந்து டிசைனின் மேல் விளிம்பு வரை 3 இன்ச், பெரியவர்களின் வட்டக் கழுத்துக்கு நான் வைக்கும் அளவு இது. குழந்தைகளுக்கு ஒன்றரையிலிருந்து 2 இன்ச் போதும். டிசைன் உயரம் கூடினால் கீழ்ப்பக்கமாக வளரட்டும், மேல் விளிம்பை மட்டும் அசைக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் டிசைனை அதே அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் டேப்பால் ஒட்டிக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். வினைல் வெட்டுவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

கேள்வி: எஸ் சைஸிலிருந்து டபுள் எக்ஸெல் வரை ஒரே ஆர்டர். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வெட்டலாமா?

பதில்: வேண்டாம். 10 இன்ச் அகலம் எம் சைஸில் அழகாக இருக்கும், அதையே டபுள் எக்ஸெல்லில் ஒட்டினால் தபால்தலை ஒட்டின மாதிரி நிற்கும். பெரிய சைஸ் போடுகிறவரும் அதே பணம்தான் கொடுக்கிறார், அவருக்கும் டிசைன் நிறைவாகத் தெரிய வேண்டும் இல்லையா?

என் கணக்கு எளிது. அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்து அளந்து, அதில் பாதியை டிசைனின் அகலமாக எடுத்துக்கொள்வேன். 18 இன்ச் வந்தால் 9, 20 வந்தால் 10, 22 வந்தால் 11. கணக்கு எவ்வளவு காட்டினாலும் 12-க்கு மேல் போக மாட்டேன். ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியாக வெட்டச் சிரமமாக இருந்தால் எஸ்ஸுக்கு ஒன்று, எம், எல்லுக்கு ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதிக் கணக்கு படுக்கையாக நீளும் டிசைனுக்குத்தான். ஒரு வரி எழுத்து 11 இன்ச் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், அதே 11 இன்ச்சில் வட்டம் வைத்தால் நெஞ்சு முழுவதையும் அடைத்துவிடும். வட்டம், சதுரம் என்றால் இரண்டு இன்ச் குறைத்துவிடுங்கள். அதுவும் உள்ளே இடைவெளி இல்லாமல் முழுக்க நிரப்பிய வடிவம் என்றால் இன்னும் யோசியுங்கள், வினைல் வழியாகக் காற்று போகாது, போட்டிருப்பவருக்கு அந்த இடம் விறைப்பாகவும் புழுக்கமாகவும் இருக்கும்.

கேள்வி: நடுக்கோட்டை எப்படிப் பிடிப்பது? ஸ்கேல் வைத்து அளந்தும் கோணலாகவே வருகிறது.

பதில்: பக்கத் தையலிலிருந்து அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறைய டி-ஷர்ட்டுகளில் பக்கத் தையலே கிடையாது, இருந்தாலும் துவைத்த பிறகு முறுக்கிக்கொள்ளும். கழுத்து லேபிளும் நேராகத் தைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

துணியை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். தோள்பட்டைத் தையல் இரண்டும், அக்குள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். மடித்தபடியே ஹீட் பிரஸ்ஸில், அதாவது சூடாக்கி அழுத்தும் மெஷினில் வைத்து, சில வினாடி மட்டும் மூடித் திறந்தால் நடுவில் மெல்லிய மடிப்புக் கோடு விழும், துணியில் இருக்கும் ஈரமும் போய்விடும். அப்புறம் டிசைன் ஒட்டியிருக்கும் கேரியர் ஷீட்டின் (வினைலைத் தாங்கும் பிளாஸ்டிக் தாள்) மேலேயும் கீழேயும் நடுவைக் குறித்து, அந்தக் கோட்டோடு பொருத்துங்கள்.

இன்னொன்று. டிசைன் சாஃப்ட்வேர் காட்டும் நடு எப்போதும் கண்ணுக்கு நடுவாக இருக்காது. கடைசி எழுத்திலிருந்து வலப்பக்கம் ஒரு வால் நீண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சாஃப்ட்வேர் அந்த வாலின் நுனியையும் சேர்த்து நடுவைக் கணக்குப் போடும், எழுத்தெல்லாம் இடப்பக்கம் ஒதுங்கின மாதிரி தெரியும். இப்படிப்பட்ட டிசைனில் வாலை விட்டுவிட்டு எழுத்துகளின் நடுவை எடுங்கள்.

கேள்வி: நெஞ்சில் சின்ன லோகோ வைக்க அளவு சொல்லுங்கள் மேடம்.

பதில்: அகலம் மூன்றரை இன்ச், வட்டமாக இருந்தால் 3. நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 4 இன்ச் தள்ளி, தோள்பட்டைத் தையல் காலரைத் தொடும் இடத்திலிருந்து 7 முதல் 8 இன்ச் இறக்கி லோகோவின் நடுப்பகுதி வரட்டும். இது எம், எல் சைஸ் கணக்கு. இடது என்பது போடுகிறவரின் இடது, மேஜையில் உங்களுக்கு வலப்பக்கம். ரொம்பச் சின்னதாக்கினால் வெட்டிய பிறகு வேண்டாத வினைலை உரித்துக் களையெடுக்கும்போதே மெல்லிய கோடுகளும் கையோடு வந்துவிடும், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான கோடு வேண்டாம்.

கேள்வி: வி கழுத்துக்கும் 3 இன்ச்சா?

பதில்: இல்லை. வி-யின் நுனியே கீழே இறங்கிவிடுகிறது, அதிலிருந்து ஒன்று, ஒன்றரை இன்ச் போதும்.

கேள்வி: பெண்களுக்கான ஃபிட்டட் டி-ஷர்ட்டில் எழுத்து இழுபட்டுத் தெரிகிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார்.

பதில்: எழுத்து மார்பின் எடுப்பான பகுதிக்குக் குறுக்கே ஓடுகிறது. அகலத்தை 8 அல்லது 9 இன்ச்சுக்குக் குறைத்து, காலரிலிருந்து 2 இன்ச்சுக்கு ஏற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்டமோ பூவோ வரும் டிசைன் என்றால் அவை எங்கே வந்து விழுகின்றன என்று கட்டாயம் போட்டுப் பார்த்த பிறகே வெட்டுங்கள். போடுகிறவர் நாள் முழுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

கேள்வி: ஹூடியில் மேல் ஓரம் மட்டும் ஒட்டாமல் எழும்பி நிற்கிறது.

பதில்: காலரும் தையலும் தடிமனாக இருப்பதால் மேல் தட்டு அங்கே முட்டிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் டிசைனில் அழுத்தம் விழுவதில்லை. காலரைத் தட்டுக்கு வெளியே தொங்க விடுங்கள், அல்லது உள்ளே பிரஸ் பில்லோ (சூடு தாங்கும் சின்னத் தலையணை) வைத்து டிசைன் பகுதியை உயர்த்துங்கள். முன்பக்கம் பாக்கெட்டுக்கு மேலே ஒரு இன்ச்சாவது இடம் விட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். முதுகில் ஒட்டினால் தொப்பியைக் கீழே தொங்கவிட்டு, அது முடியும் இடத்துக்குக் கீழேதான் ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் பாதி டிசைன் மறைந்துவிடும்.

கேள்வி: கோணலாக ஒட்டிவிட்டால் எடுக்க முடியுமா?

பதில்: திரும்பச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் ட்வீசரால் உரித்துப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் பசைத் தடம் நிற்கும். அதை மூடும் அளவுக்குக் கொஞ்சம் பெரிய டிசைன் ஒட்டுவதுதான் நடைமுறையில் நடக்கும். பிரஸ்ஸை இறக்குவதற்கு முன்னால் கேரியர் ஷீட் லேசாகத்தான் ஒட்டியிருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுக் கைப்பிடியை இறக்குங்கள்.