தூக்கக் கலக்கத்தில் காக்பிட்: கேள்வி பதில்

பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். விமானிகளின் களைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது சார், அப்புறம் என்ன களைப்பு?

அதனால்தான் களைப்பு! கையில் வேலை இருந்தால் தூக்கம் அவ்வளவு சுலபமாக அண்டாது. ராத்திரி மூன்று மணிக்கு, ஒரே இரைச்சலில், எதுவும் மாறாத திரைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். நள்ளிரவு தாண்டி இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும். பகலில் ஹோட்டல் அறையை இருட்டாக்கிப் படுத்தாலும் அந்தத் தூக்கக் கடன் முழுசாக அடைபடாது.

கேள்வி: களைத்துப்போன விமானி முதலில் எதில் தவறுவார்?

அன்றாட வேலையில். எஞ்சினில் தீ என்றால் மணி அடிக்கும், எந்தத் தூக்கமும் கலைந்துவிடும். தினமும் செய்து பழகிய சின்ன வேலைகளுக்கு அப்படி மணி கிடையாது. கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வேறு எண்ணைத் திருகி வைப்பது, சுவிட்சைப் பார்க்காமலே செக்லிஸ்ட்டுக்கு ‘ஆச்சு’ என்பது, இதெல்லாம் அந்த ரகம்.

1999 ஜூன் 1, அமெரிக்காவின் லிட்டில் ராக். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1420, தாமதமாகக் கிளம்பி, இடிமழைக்கு நடுவே நள்ளிரவை ஒட்டி இறங்கியது. இரு விமானிகளும் குறைந்தது 16 மணி நேரமாக விழித்திருந்தவர்கள். இறங்குமுன் ஸ்பாய்லரைத் தயார்நிலையில் வைக்க வேண்டும். ஒரு நெம்புகோலை இழுத்துவிடுகிற வேலை, அவ்வளவுதான். அது நடக்கவில்லை, இருவருமே கவனிக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் எழும்பி, விமானத்தின் எடையைச் சக்கரத்தின்மீது அழுத்துவது ஸ்பாய்லர்தான். அது எழும்பாவிட்டால் பிரேக் பிடிக்காது, ஈரத் தரையில் கேட்கவே வேண்டாம். விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போனது. கேப்டன் உட்பட 11 பேர் இறந்தார்கள். புயலை நோக்கியே இறங்கியதும் தவறுதான். ஆனால் அந்த முடிவின் பின்னாலும் களைப்பு இருந்ததாக விசாரணை சொன்னது.

கேள்வி: மங்களூர் விபத்திலும் கேப்டன் தூங்கினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். காக்பிட் ஒலிப்பதிவின்படி கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருக்கிறார். ஆனால் மோதும்போது அவர் விழித்துத்தான் இருந்தார், பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் கண் திறந்திருக்கும், புத்தி திறந்திருக்காது. விமானம் இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் வந்தது. மேலே கிளம்பிவிடலாம் என்று கோ-பைலட் மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கினார். 158 பேர் போனார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் காக்பிட்டில் தூங்கவே கூடாதா?

குட்டித் தூக்கம் நல்லது என்பேன், முறையாகச் செய்தால். ஒருவர் விழித்திருக்க, மற்றவர் கொஞ்ச நேரம் மட்டும் தூங்கலாம் என்பது கனடாவில் விதி; 2011இல் ஏர் கனடா வைத்திருந்த வரம்பு 40 நிமிடம். அமெரிக்கா இருக்கையில் தூங்க அனுமதிப்பதில்லை. அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை, திருட்டுத் தூக்கம்தான் அதிகமாகும். விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2011இல் டொரொன்டோவிலிருந்து சூரிச் போன ஏர் கனடா விமானமே சாட்சி. 75 நிமிடம் தூங்கி எழுந்த கோ-பைலட் வெள்ளிக் கிரகத்தை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். பிறகு ஆயிரம் அடி கீழே ஒழுங்காக வந்துகொண்டிருந்த நிஜ விமானத்தைப் பார்த்து, மோதப்போகிறது என்று மூக்கைக் கீழே தள்ளினார். 16 பேருக்குக் காயம்.

இருவருமே தூங்கியதும் உண்டு. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவின் பாத்திக் ஏர் விமானம் 28 நிமிடம் அப்படிப் பறந்தது. கோ-பைலட் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். பத்திரமாக இறங்கியது அதிர்ஷ்டம்.

கேள்வி: காபி உதவுமா?

கொஞ்சம். வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும். இறங்கும் நேரத்தில் குடித்தால், ஹோட்டலில் தூங்க வேண்டிய நேரத்தில் விழிக்க வைக்கும்.

கேள்வி: 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானதற்கு ஓய்வு விதிதான் காரணமா?

விதி திடீரென்று வந்து குதிக்கவில்லை. இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அதை வெளியிட்டது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது; இரவு டூட்டியில் ஒரு விமானி செய்யலாம் என்கிற தரையிறக்கம் 6இலிருந்து 2 ஆனது. முழுசாக அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். அதற்கேற்ப விமானிகளையும், யார் எப்போது பறப்பது என்கிற ரோஸ்டரையும் தயார் செய்யாதது நிறுவனத்தின் பொறுப்பு. கடைசியில் வளைந்தது விதிதான், நிறுவனத்துக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது எனக்கு உறுத்தல்.

கேள்வி: ஐயா, என் மகன் விமானி ஆகப்போகிறான். ‘களைப்பு, ஓட்ட மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம்மா, சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் விதி. சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ‘எனக்குக் களைப்பா?’ என்று தன்னையே கேட்டால், களைத்தவனுக்கு ‘இல்லை’ என்றுதான் தோன்றும். கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்: கடைசி இரண்டு நாளில் எத்தனை மணி தூங்கினேன், எப்போது எழுந்தேன், இறங்கும்போது எத்தனை மணி நேரம் விழித்திருப்பேன். கணக்கு உதைத்தால் ரோஸ்டர் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும், கிளம்புவதற்கு முன்பே.